அபிமானக் கலைஞர் மறைந்தால்: ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்கான கேள்வி பதில்

நடிகர், பாடகர், நாடகக்காரர் யார் இறந்தாலும் தொண்டி முதல் தனுஷ்கோடி வரை, அங்கிருந்து சாயல்குடி வரை ரசிகர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். மதுரைக்கும் சென்னைக்கும் பொருந்தும் யோசனைகள் நம் காற்றுக்கும் மணலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் எடுபடுவதில்லை. அதனால் இவை தனியாக.

வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது. உடனே போஸ்டருக்குச் சொல்லிவிடலாமா?

பொறுங்கள். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்ட மன்றங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. குடும்பத்தாரின் அறிவிப்போ மருத்துவமனையின் அறிக்கையோ வந்திருக்க வேண்டும். இரண்டு பெரிய நாளிதழ்களோ தொலைக்காட்சிகளோ "மருத்துவமனை அறிவித்தது" என்று சொல்லியிருக்கின்றனவா என்று பாருங்கள். "கவலைக்கிடம்" என்பது மறைவுச் செய்தி அல்ல. எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020 ஆகஸ்டில் மருத்துவமனையில் சேர்ந்து செப்டம்பர் 25 அன்றுதான் மறைந்தார். இடையில் எத்தனை முறை வதந்தி பரவியது என்பது அவர் ரசிகர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் தாமதித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. தவறான போஸ்டரைக் கிழித்தால் கோந்து போகாது, கேலியும் போகாது.

சென்னைக்குப் போனால் முகம் பார்க்க முடியுமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்குச் சாலை வழியே 500 கிலோமீட்டருக்கு மேல். வேனில் பத்து, பதினோரு மணி நேரம். ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பினால் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடும். ரயிலென்றால் மாலையில் ஏறி மறுநாள் காலைதான்.

விவேக் 2021 ஏப்ரல் 17 அதிகாலை இறந்தார், அன்று மாலையே தகனம். இங்கிருந்து போயிருந்தாலும் கிடைத்திருக்காது. விஜயகாந்த் 2023 டிசம்பர் 28 காலை மறைந்தார், அடக்கம் மறுநாள் மாலை. அன்று காலையில் கிளம்பியவர்களுக்கு நேரம் இருந்தது. ஆக, அடக்கம் மறுநாள் என்று உறுதியாகத் தெரிந்து, நண்பகலுக்குள் வண்டி புறப்படும் என்றால் மட்டும் போங்கள். அன்றே என்றால் வேண்டாம், நடுவழியில் விழுப்புரத்தில் "முடிந்துவிட்டது" என்று கேட்பது மிகக் கொடுமை.

வேனுக்கு இரண்டு டிரைவர் கட்டாயம். போகும்போது எல்லோரும் விழித்திருப்பார்கள். விபத்து திரும்பும் இரவில்தான், அழுது ஓய்ந்து டிரைவர் உட்பட எல்லோரும் தூங்கும்போது. உளுந்தூர்பேட்டையிலோ திருச்சியிலோ இரண்டு மணி நேரம் வண்டியை ஓரங்கட்டித் தூங்கிவிட்டு வாருங்கள்.

ஊரிலேயே அஞ்சலிக் கூட்டம் என்றால் எந்த நாள் வைப்பது?

கடலைப் பார்த்து வையுங்கள். விசைப்படகு தொழிலுக்குப் போகும் நாளில் கூட்டம் போட்டால் பெண்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். மீன்வளத் துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் நாள் எது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. அந்த மாதங்களில் வசூல் வேண்டாம்.

இன்னொன்று, வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாதது. செப்டம்பர் 11 பரமக்குடி இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன் தேவர் ஜெயந்தி நிகழ்ச்சிகளை ஒட்டி நம் மாவட்டத்தில் கூட்டம், ஊர்வலம், வாடகை வாகனம் ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு வருவது வழக்கம். முன்பு 144 என்றார்கள், 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அது 163. எஸ்.பி.பி. நினைவு நாளான செப்டம்பர் 25 இந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. தெருவில் கூட்டம் என்று திட்டமிடும் முன் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். மண்டபத்துக்குள் என்றால் சிக்கல் குறைவு.

நேரம் மாலை ஏழு முதல் எட்டரை. மக்ரிப் தொழுகையும் மாதா கோயில் மாலைச் செபமும் அதற்குள் முடிந்திருக்கும்.

யார் யாரிடம் அனுமதி?

ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் காவல் நிலையத்தில் எழுத்து மூலம். பேனருக்கு ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சி. இடம் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், மீனவர் சங்கம் இவற்றில் யாருடையதோ அவர்களிடம் வாய்மொழியாக. மனுவில் நாள், நேரம், இடம், எதிர்பார்க்கும் கூட்டம், பொறுப்பாளர் இருவரின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கட்டும். இரண்டு படி எடுத்து ஒன்றில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளெக்ஸ் எந்த அளவு வைப்பது? போன முறை ராத்திரியே கிழிந்துவிட்டது.

கிழிந்தது நல்லதாகப் போயிற்று. கிழியாமல் கம்போடு சாய்ந்திருந்தால் யார் தலையிலாவது விழுந்திருக்கும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஒரு இளம்பெண் உயிர் போனதை எல்லோரும் அறிவோம்.

10×8 அடி ப்ளெக்ஸ் என்பது 80 சதுர அடிப் பாய். வள்ளத்தில் பாய் விரித்தவர்களுக்கு அது எவ்வளவு இழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மன்றத்துப் பையன்கள் அதையே இரண்டு சவுக்குக் கம்பில் கட்டி, மணலில் ஒரு அடி குழி தோண்டி நட்டுவிட்டு வருகிறார்கள். அப்புறம் எப்படி நிற்கும்?

எங்கள் யோசனை 6×4 அடி போதும் என்பதே. சொந்தக்காரர் சம்மதத்தோடு சுவர் ஓரமாகக் கட்டுங்கள். கம்பில்தான் என்றால் குழி மூன்று அடி ஆழம், அடியில் கல் போட்டு, சுற்றி மணல் மூட்டை. முன்னும் பின்னும் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும், முன்பக்கம் மட்டும் கட்டினால் காற்று திரும்பும்போது பின்னால் விழும். ப்ளெக்ஸ் ஓரத்தில் இரண்டு அடிக்கு ஒரு வளையம் அடிக்கச் சொல்லுங்கள். நான்கு மூலையில் மட்டும் கட்டினால் மூலையில்தான் கிழியும்.

வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் மேற்கிலிருந்து வீசும். ஐப்பசிக்குப் பிறகு வாடை, வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். எந்தக் காற்றானாலும் பேனரின் முகத்தைக் காட்டாதீர்கள், விளிம்பைக் காட்டுங்கள். முகம் ரோட்டைப் பார்க்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். மூன்று நாளுக்கு மேல் வைக்கவும் வேண்டாம்.

படம் மங்கலாக வருவதற்குக் காரணம் கடைக்காரர் அல்ல, நீங்கள் அனுப்பும் படம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். 4×3 அடிக்கு 3456×2592 பிக்சல் இருந்தால் பக்கத்தில் நின்று பார்த்தாலும் முகம் தெளிவாக இருக்கும். அதில் பாதி இருந்தால்கூட ரோட்டிலிருந்து பார்க்க ஒப்பேற்றலாம்.

வாசகத்தில் அடிக்கடி வரும் தவறுகள்?

தேதிதான் முதல் தவறு. "தோற்றம் 17.1.1917, மறைவு 24.12.1987" என்று எம்.ஜி.ஆருக்குப் போடுவது போல நாள், மாதம், ஆண்டு மூன்றையும் சரிபார்த்துப் போடுங்கள். இரண்டாவது, ஆண்டுக் கணக்கு. 28.12.2023இல் மறைந்தவருக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள் 28.12.2024, இரண்டாம் ஆண்டு 28.12.2025. இறந்த ஆண்டையும் சேர்த்து எண்ணி "மூன்றாம் ஆண்டு" என்று அடித்த பேனர்கள் ஏராளம். மூன்றாவது, "அஞ்சளி". கடையில் தட்டச்சு செய்பவர் இரவு பன்னிரண்டு மணிக்கு நூறாவது பேனர் அடிக்கிறார், அவரை நம்பாமல் அச்சுக்கு முன் படத்தை வாங்கிப் படியுங்கள்.

பாடகர் இறந்தால் பாடகரின் படத்தைப் போடுங்கள். டி.எம்.சௌந்தரராஜன் 2013 மே 25 அன்று மறைந்தபோது எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பெரிதாகவும் அவர் ஓரத்தில் சிறிதாகவும் இருந்த சுவரொட்டிகள் வந்தன. வாழ்நாள் முழுக்கத் திரைக்குப் பின்னால் நின்ற குரலுக்கு அன்றைக்காவது நடு இடம் கொடுத்திருக்கலாம். கீழே அச்சாகும் மன்றத்து நிர்வாகிகள் படம் எத்தனை வேண்டும் என்பது உங்கள் மனசாட்சிக்கு.

படம், மாலை, மெழுகுவத்தி?

12×18 அங்குலச் சட்டப் படம் போதும். மேல் பக்கமும் இரு ஓரமும் சேர்ந்தால் 48 அங்குலம். தொய்வுக்கும் சேர்த்து நான்கு முழம் கட்டிய பூ சரியாக இருக்கும். பொட்டும் சந்தனமும் கண்ணாடி மேல் மட்டும். லேமினேஷன் படத்தின் ஓரத்தில் ஈரச் சந்தனம் இறங்கினால் ஒரு வாரத்தில் கறை. படத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் வைப்பதாக இருந்தால் இருக்கையில் இரண்டு செங்கல் வைத்து, மேலே வெள்ளைத் துணி போட்டு, படத்தை நாற்காலியின் முதுகோடு கயிற்றால் கட்டிவிடுங்கள். மௌன அஞ்சலி நடுவே படம் முகங்குப்புற விழுவதைப் போல ஒரு சங்கடம் இல்லை.

மெழுகுவத்தி நம் கரையில் வெறுங்கையில் நிற்காது. காகிதக் கப்பின் அடியில் ஓட்டை போட்டு, வத்தியைக் கீழிருந்து மேலே செருகுங்கள். கப்பின் சுவர் காற்றை மறைக்கும், உருகும் மெழுகும் கையில் விழாது. தரையில் வைக்க ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பாதியில் வெட்டி, இரண்டு விரல் உயரம் மணல் போட்டு, நடுவில் வத்தி. வலை காயும் இடத்திலும் ஓலைக் குடிசைப் பக்கத்திலும் டீசல் கேன் இருக்கும் படகடியிலும் ஏற்றவே கூடாது. கடலில் விடுவதாக இருந்தால் வாழை மட்டையிலோ தாமரை இலையிலோ விடுங்கள். தெர்மாகோல் தட்டு வேண்டாம். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளோடு இருப்பது தேசியப் பூங்கா. ஆமை தின்பது நம் அஞ்சலியையா குப்பையையா என்று அதற்குத் தெரியாது.

மைக் செட்?

இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டருக்குள் எந்நேரமும் கூடாது. குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக் காலை முதல் பாட்டுப் போடுவதைவிட, மாலையில் இரண்டு பெட்டி வைத்துப் பத்துப் பாட்டு முழுதாகப் போடுங்கள். பட்டியலை முன்னரே எழுதி ரேடியோ செட்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் பென்டிரைவில் பாடகர் பெயர் தப்பாக இருக்கும், ஒரு முறை கேட்டுச் சரிபாருங்கள். பெண் குரல் பாடுவது யாரென்று கூட்டத்தில் ஒருவர் கண்டுபிடித்துச் சண்டைக்கு வருவார், நிச்சயம்.

மௌனம் இரண்டு நிமிடம். கடிகாரம் பார்க்க ஒருவரை நியமித்து, மைக்கை அணைத்துவிடுங்கள். பக்கத்தில் ஐஸ் உடைக்கும் மிஷின் ஓடினால் முன்கூட்டியே சொன்னால் நிறுத்துவார்கள்.

எங்கள் தெருவில் படத்துக்கு மாலை போடுவது வழக்கமில்லை. என்ன செய்வது?

போட வேண்டாம். ராமநாதபுரத்தில் பிறந்து 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்த நாகூர் ஹனிபாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கீழக்கரையிலும் ரசிகர் உண்டு, முகவையில் கோயில் தெருவிலும் உண்டு. ஜமாத்தில் கேட்டு, படமில்லாமல், குத்துவிளக்கில்லாமல், துஆ ஓதி, அவர் பாட்டை ஒலிக்கவிட்டால் முடிந்தது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் பங்குத்தந்தையிடம் முன்னரே சொன்னால் திருப்பலிக் கருத்தில் பெயரைச் சேர்ப்பார். ஒரே ஊரில் மூன்று விதமாக நடந்தால் என்ன குறை?

ராமேஸ்வரத்தில் மொட்டை போட்டு, திதி கொடுக்கலாமா? நாம் ரத்த உறவு இல்லையே.

மொட்டை உங்கள் தலை, உங்கள் விருப்பம். திதி, பிண்டம் என்பது அவர் பிள்ளைகள் செய்வது. ஆனால் உறவல்லாதவரை நினைத்து எள்ளும் தண்ணீரும் விடும் வழக்கம் சாஸ்திரத்திலேயே இருக்கிறது, காருண்ய தர்ப்பணம் என்பார்கள். அக்னி தீர்த்தத்தில் புரோகிதரிடம் அப்படியே சொல்லிக் கேளுங்கள். தட்சணையை உட்காரும் முன் பேசிவிடுங்கள். ஆடி, தை அமாவாசை நாட்களில் போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது. பெற்றோர் உயிரோடு இருக்கும் பையன்கள் வீட்டில் கேட்காமல் இதில் இறங்கினால் அம்மா அழுவார், அது தனிக் கதை.

நூறு பேருக்கு அன்னதானம், கணக்கு சொல்லுங்கள்.

விஜயகாந்த் நினைவு நாளில் அதிகம் வரும் கேள்வி. சாம்பார் சாதம் என்றால் அரிசி 10 கிலோ, துவரம் பருப்பு மூன்றரை கிலோ, காய்கறி 6 கிலோ, புளி அரைக் கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர். நம் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, மணிக்கணக்கில் கொதித்தாலும் கல்லாகவே இருக்கும். காவிரிக் குடிநீர் பிடித்து வையுங்கள், இல்லையென்றால் சமையலுக்கு மட்டும் 20 லிட்டர் கேன் மூன்று. குடிக்க நான்கு கேன். போர்வெல் தண்ணீர் கலந்தால் உப்பைப் பாதியாகக் குறைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் பந்தி முடிய வேண்டும். மதியம் போட வேண்டிய தயிர்சாதத்தை, தலைவர் வரட்டும் என்று மூன்று மணி வரை வைத்திருந்தால் புளித்து வயிற்றைக் கெடுக்கும். யார் வந்தாலும் வராவிட்டாலும் பன்னிரண்டரைக்கு முதல் இலை. வசூலித்த காசுக்கு ஒரு நோட்டு, இருவர் கையெழுத்து. அடுத்த வாரம் கணக்கை மன்றச் சுவரில் ஒட்டுங்கள்.

விவேக் நினைவாக மரம் நடுகிறோம். ஒன்றும் பிழைப்பதில்லையே?

ஏப்ரலில் நட்டால் எப்படிப் பிழைக்கும்? அப்துல் கலாம் சொல்லித்தான் விவேக் மரம் நடும் வேலையில் இறங்கினார். அந்தக் கலாம் ராமேஸ்வரம் தீவின் பேக்கரும்பில் அடக்கமாகி இருப்பதால் நம் பக்கம் இது கொஞ்சம் கூடுதல் உரிமையுள்ள விஷயம். நினைவு நாளன்று குழி மட்டும் தோண்டி, இரண்டடி நீள அகல ஆழத்தில் விட்டுவிடுங்கள். புரட்டாசி கடைசியில், முதல் மழை விழுந்ததும் தொழு உரமும் கரம்பை மண்ணும் போட்டு நடுங்கள்.

கரையோரம் புன்னை, பூவரசு. கொஞ்சம் உள்ளே வேம்பு. தண்ணீரே ஊற்ற ஆள் இல்லையென்றால் பனை விதை, பத்தடிக்கு ஒன்று. பனையில் ஒரு ஆபத்து உண்டு: பொங்கலுக்குக் கிழங்கு ஆகிவிட்டதா என்று சிறுவர்கள் தோண்டிப் பார்ப்பார்கள். மற்றவற்றுக்கு ஆடுதான் எமன். வேலி இல்லாமல் நூறு நடுவதைவிட முள்வேலியோடு பத்து.

ரத்ததானம்?

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ரத்த வங்கியில் பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்களுக்கு முந்தைய தானத்திலிருந்து 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆகியிருக்க வேண்டும். இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு நேராக வருபவர்களைப் படுக்க வைக்காதீர்கள், மயங்கி விழுவார்கள். கண் தானப் படிவமும் வைத்தால் நல்லது. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று மறைந்தபோது அவர் கண்கள் நான்கு பேருக்குப் பார்வை தந்தன.

தம்பி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. "ஒரு நடிகனுக்காகவா" என்று திட்டலாமா?

திட்டாதீர்கள். அவனுக்கு அது வெறும் நடிகன் இல்லை. அப்பாவோடு கொட்டகையில் பார்த்த முதல் படமாக இருக்கலாம், கடலுக்குப் போகும்போது போனில் கேட்ட ஒரே குரலாக இருக்கலாம். சில நாள் அழுகை இயல்பு. பக்கத்தில் உட்காருங்கள், படத்தைப் போடச் சொல்லிக் கூடப் பாருங்கள். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரம் தாண்டியும் திரும்பவில்லையென்றால், அல்லது "நானும் போய்விடுகிறேன்" என்ற பேச்சு ஒரே ஒரு முறை வந்தால்கூடத் தனியே விடக் கூடாது. மனநல உதவிக்கு 14416 அல்லது 104 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். 1987இல் எம்.ஜி.ஆருக்குப் பின்னால் போன உயிர்களின் குடும்பங்களை யாரும் நினைவு நாளில் நினைப்பதில்லை.

எங்கள் ஊர்த் திருவிழாவில் இருபது வருடம் நடித்த நாடகக்காரர் இறந்துவிட்டார். அவருக்கு யார் செய்வது?

நீங்கள்தான். பேனர் வைக்க மன்றம் இல்லாதவர்கள் இவர்கள். ராஜபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் என்று பங்குனி முதல் ஆடி வரை விடிய விடிய வள்ளி திருமணம் ஆடியவர்கள்.

முதல் வேலை, இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்து சான்றிதழ் வாங்கிக் கொடுப்பது. அதற்குள் என்றால் தாமதக் கட்டணம் இல்லை. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் அட்டையைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒப்பனைப் பெட்டிக்குள்தான் இருக்கும், பவுடரும் அரிதாரமும் ஒட்டிக்கொண்டு. எண் தெரியும்படி பஞ்சால் துடைத்து நகல் எடுங்கள். அட்டை, இறப்புச் சான்று, வாரிசின் ஆதார், வங்கிப் புத்தகம் இவற்றோடு ஈமச்சடங்கு உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த திருவிழாவுக்கு அவர் வாங்கியிருந்த முன்பணத்தை விழாக் கமிட்டி திருப்பிக் கேட்க வேண்டாம்.

இரண்டாவது, அவர் குரல். பழைய திருவிழாக் கேசட்டுகள் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். கடற்காற்றில் நாடாவின் மேல் வெள்ளைப் பூஞ்சை படிந்திருக்கும். அப்படியே டேப்பில் போட்டால் ஹெட்டும் கெடும், நாடாவும் அறுந்துவிடும். வெயில் தாழ்ந்த பிறகு, பென்சிலால் மெதுவாகச் சுற்றி, உலர்ந்த மெல்லிய துணியால் பூஞ்சையைத் துடைத்து, ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுத்தான் பதிவு செய்யத் தொடங்க வேண்டும். டேப்பின் இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர் போதும். ஊர், ஆண்டு, யார் யார் என்ன வேடம் என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். முப்பதாம் நாள் கும்பிடும்போது வீட்டு வாசலில் அதை ஒலிக்கவிட்டால் வேறு அஞ்சலி உரை தேவைப்படாது.

மூன்று நாள் கழித்து ப்ளெக்ஸை என்ன செய்வது?

எரிக்காதீர்கள், புகை நெஞ்சை அடைக்கும். கம்பையும் கயிற்றையும் பந்தல்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், குழியை மூடுங்கள், ஆட்டின் கால் மாட்டும். ப்ளெக்ஸ் வலைக்கும் கருவாட்டுக்கும் மூட நல்ல போர்வை. படம் உள்பக்கமாக இருக்கும்படி திருப்பிப் போடுங்கள். வெயிலில் சாயமும் போகாது, அவர் முகத்தில் காக்கையும் உட்காராது.